உன் ஷிப்ட் ஷீட்டில் என் பெயர்

அருண்பாண்டிக்கு அம்மா எழுதுவது.

நீ திருச்சிக்குப் புறப்பட்ட அன்று நான் ஏன் வழியனுப்ப வரவில்லை என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறாய். உடம்பு சரியில்லையா, மார்க்கெட்டில் விடவில்லையா என்று நீயே இரண்டு காரணங்களைச் சொல்லிவிட்டு, நான் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்கிறாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பூ மார்க்கெட்டில் அன்றைக்கு எனக்கு வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. நீ பெட்டியோடு நின்றிருந்த மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிருந்து நடந்தே வந்திருக்கலாம். வர மனசில்லை, வரவில்லை. இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய். நீ பேசுவது எப்போதும் நியாயமாகவே இருக்கும். உன் நியாயத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் அடைத்துப்போய் ரொம்ப நாளாகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு படத்தைப் போடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன். நம்மோடு வேலை பார்த்த ஸ்டெல்லா இதைப் படிக்க வேண்டும் என்றாள். படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உன்னை மாதிரி மகன் இருக்கிற அம்மாக்கள் இன்னும் இருப்பார்கள்.

நான் அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போனது உன் அப்பா இறந்த வருஷம். மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் லாரி ஓட்டி ஓட்டி, கடைசியில் நெஞ்சு முழுக்கத் தூசியோடு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உன் அக்கா தனம் காலேஜில் இருந்தாள், நீ பிளஸ் டூவில் இருந்தாய். முழுநேர வேலை கேட்டுத்தான் போனேன். அதெல்லாம் இல்லை, பார்ட் டைம்தான் என்றார்கள். எத்தனை மணி நேரம் நிற்கிறோமோ அந்த நேரத்துக்குச் சம்பளம், கூப்பிட்டால் வர வேண்டும், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். மாடியில் உட்கார்ந்து பருப்பும் கடுகும் மல்லியும் எடை போட்டுப் பாக்கெட் ஒட்டுகிற வேலை. மிளகாய் வத்தல் வந்த நாட்களில் நான் தும்மிக்கொண்டே வீட்டுக்கு வருவேன், நீ சிரிப்பாய். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் காலேஜில் நீ பி.காம் முடித்து வந்ததும் அப்போது இருந்த மேனேஜரிடம் கெஞ்சி உன்னைப் பில் போட உட்கார வைத்தது நான்தான். அதற்கு மேல் நீயாக வளர்ந்தாய். அதை நான் மறுக்கவில்லை. பில் போட்டாய், சூப்பர்வைசர் ஆனாய், அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. படித்தாய், அந்த மேனேஜர் போனதும் அவர் நாற்காலியில் உன்னை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு மாடியில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் நான் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷத்தில் பொய் எதுவும் இல்லை.

பழைய மேனேஜர் ஷிப்ட் போட்ட லட்சணம் உனக்கும் தெரியும். அவருக்கு வீட்டிலிருந்து குழம்பு கொண்டுவந்து கொடுக்கிறவளுக்குக் காலை ஷிப்ட், எதிர்த்துப் பேசினவளுக்குக் கடை அடைக்கிற ஷிப்ட். காலையில் எழுந்து போனைப் பார்த்தால்தான் அன்றைக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியும். அதனால் நீ ஒருநாள் லேப்டாப்பைச் சமையலறைத் தரையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இனிமே எல்லாம் எக்செல்தான். ஒரு மாசத்துக்கு முன்னாடியே யார் யாருக்கு எப்ப ஷிப்ட்னு தெரிஞ்சிரும். எவனும் எவளும் யாருக்கும் காக்கா புடிக்க வேணாம்" என்று சொன்னபோது எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. யாருக்கு என்ன சௌகரியம் என்று என்னைக் கேட்டாய். நான் மாவு பிசைந்துகொண்டே சொல்லச் சொல்ல நீ கட்டம் கட்டமாகத் தட்டினாய். ஸ்டெல்லாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், வர முடியாது. யுனிவர்சிட்டியில் படிக்கிற பிள்ளைக்குச் சாயங்காலம் மட்டும்தான் முடியும். அவனியாபுரத்திலிருந்து வருகிற அக்காவுக்கு மாமனார் படுக்கையில் கிடக்கிறார், மதியம் சோறு ஊட்டிவிட்டுத்தான் வருவாள். எல்லோரும் முடிந்து என் வரிசை வந்தது.

"உனக்கு என்னம்மா போடட்டும்?"

"எனக்கென்னப்பா, எப்பச் சொன்னாலும் வாரேன்."

நீயும் என் வரிசையை வெறுமனே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாய். அன்றைக்கு நாம் இரண்டு பேருமே அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் போயின, அதைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். ஸ்டெல்லா வருஷக்கணக்கில் விட்டுப்போயிருந்த ஞாயிறு ஆராதனைக்குத் திரும்பவும் போனாள். அவனியாபுரத்து அக்கா, "உன் மகன் நல்லாருக்கணும்" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னாள். ஆனால் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிற வேலை அது. யாராவது ஒருத்தி நின்றுவிட்டால் ஷீட்டில் ஓட்டை விழும். அந்த ஓட்டையில் யாரைப் போட்டாலும் அவளுக்கு எதிரே நீயே எழுதி வைத்த 'முடியாது' ஒன்று இருக்கும். எனக்கு எதிரே ஒன்றும் இல்லை. அதனால் என்னைப் போட்டாய். தீபாவளிக்கு முந்தின நாள் என்னைப் போட்டாய், தீபாவளியன்றும் போட்டாய். பொங்கலுக்குப் போட்டாய். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று, ஊர் மொத்தமும் வைகைப் பக்கம் கிடக்க, நான் ஆளில்லாத கடையில் சர்க்கரை எடை போட்டுக்கொண்டிருந்தேன். ராத்திரி கடையை அடைத்துவிட்டு வந்து மறுநாள் காலையில் கடையைத் திறக்கிறதுக்கும் என்னையே போட்டிருப்பாய். மற்றவர்களுக்கு அப்படி வந்தால் ஷீட் சிவப்பாகக் காட்டும்படி ஏதோ செய்து வைத்திருந்தாய். என் வரிசையில் அந்தச் சிவப்பு வந்ததே இல்லை. எனக்கு அதை எடுத்துவிட்டிருக்கிறாய் என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த அளவு மட்டும் இருந்திருந்தால் வேலைக் கஷ்டம் என்று விட்டிருப்பேன். ஒருநாள் கீழே பில்லிங்கில் யாரோ, "மேனேஜர் அம்மா, அவங்களுக்கென்ன, நெனச்ச ஷிப்டு" என்று பேசினது உன் காதில் விழுந்தது. என் காதிலும்தான் விழுந்தது. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். நீ விடவில்லை. அன்றிலிருந்து நீ என்னை வைத்து உன்னை நிரூபிக்க ஆரம்பித்தாய். யாரும் கேட்காத ஷிப்ட், யாரும் தொடாத வேலை, எல்லாம் முதலில் எனக்கு. கடையில் தம்பி என்று கூப்பிடாதே, சார் என்று கூப்பிடு என்றாய். சரி என்றேன். பெற்ற பிள்ளையைச் சார் என்று கூப்பிட முதல் நாள் நாக்கு திரும்பவில்லை, பிறகு பழகிவிட்டது. ஆனால் ஏரியா மேனேஜர் வந்திருந்த அன்று அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா, அந்த ட்ராலிய ஓரமா எடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாயே, அது எனக்குப் பழகவில்லை. தனத்தைக் கூப்பிடுகிற வார்த்தையால் என்னைக் கூப்பிட்டாய். நானும் ட்ராலியை எடுத்து ஓரமாக விட்டேன். என் பின்னால் நின்ற ஸ்டெல்லா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சின்ன வயசிலிருந்தே நீ பங்கு பிரிப்பதில் கெட்டிக்காரன். குவாரியிலிருந்து வருகிற வழியில் உன் அப்பா சீனிப் பாகு தோய்த்த பால்பன் வாங்கி வருவார். நீதான் பிரிப்பாய். கத்தியைத் தண்ணீரில் நனைத்து, அளவு பார்த்து, அக்காவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. துளி கூடக் குறையாது. "அம்மாவுக்கு?" என்று உன் அப்பா கேட்டால், "அம்மா சாப்பிடாதுப்பா, எப்படியும் எங்களுக்குத்தான் குடுக்கும்" என்பாய். நாங்கள் இருவரும் சிரிப்போம். பிள்ளை எவ்வளவு விவரமாகப் பேசுகிறான் என்று எதிர்வீட்டில் கூடப் போய்ச் சொன்னேன். எனக்கும் பால்பன் பிடிக்கும். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் செய்த தப்பு அதுதான், வேறு எதையும் நான் ஒத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

இப்போது தனம் விஷயத்துக்கு வருகிறேன். நீ இதுவரை ஒருதடவை கூட இதை முழுசாகப் பேசவிட்டதில்லை. வளைகாப்பு முடித்து, கட்டிக்கொடுத்த மேலூரிலிருந்து அவளைத் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அப்பா இல்லாத வீடு என்று சம்பந்தியம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே யோசனைதான். "மதினி, உங்களுக்கு வேலை இருக்கு. இங்கயே இருந்துக்கட்டுமே" என்று நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். நான்தான் ரோஷமாக, "எம்புட்டு வேலை இருந்தாலும் எம் புள்ளைய நான் பாத்துக்கிருவேன்" என்று சொல்லி அழைத்து வந்தேன். நாள் நெருங்கியது. நீ சாப்பிட உட்கார்ந்திருந்தாய். தனம் உள்ளே காலை நீட்டிப் படுத்திருந்தாள், நாம் பேசினது அவளுக்கும் கேட்டது.

"தம்பி, இந்த மாசம் எனக்குச் சாயங்கால ஷிப்ட் வேணாம்ப்பா. காலையில போட்டுரு. பகல்ல பக்கத்து வீட்டு மும்தாஜ் இருக்கும், பாத்துக்கிரும். சாயங்காலம் புள்ள தனியா இருக்கு."

"ஷீட் போட்டு குரூப்ல அனுப்பியாச்சும்மா."

"ஸ்டெல்லாகிட்ட நான் கேக்குறேன். அது மாத்திக்கிரும்."

"ஆளாளுக்கு உள்ளுக்குள்ள மாத்திக்கக் கூடாதுன்னு ரூல் போட்டதே நான்தான். நீயே அதை மீறினா நாளைக்கு நான் யாரைக் கேக்க முடியும்?"

"லீவாவது குடுப்பா."

"டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கும்மா. அந்த வாரம் பாத்துப் போட்டுத் தாரேன். எல்லாருக்கும் ஒரே ரூல். அம்மான்னு உனக்கு மட்டும் மாத்துனா நான் பழைய மேனேஜர் மாதிரி ஆயிருவேன்."

மோர் ஊற்றச் சொன்னாய். ஊற்றினேன்.

வலி வந்தது டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே. அது அப்படித்தான் வரும், தேதி கேட்டுக்கொண்டு வராது. மாதப் பிறப்பு, கடையில் நிற்க இடமில்லை. என் போன் எல்லோருடைய போனையும் போல லாக்கரில் இருந்தது, அதுவும் ரூல்தான். தனம் எனக்கு விடாமல் அடித்திருக்கிறாள். பிறகு உனக்கு அடித்தாள். நீ அன்றைக்கு ஒரு ஹோட்டலில் எல்லாக் கிளை மேனேஜர்களும் கூடின மீட்டிங்கில் இருந்தாய். 'மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன்' என்று போனில் முன்னாலேயே எழுதி வைத்திருக்கிற வாசகம் ஒன்று அவளுக்குப் போனது. நல்லவேளை மும்தாஜ் அந்த நேரம் வீட்டில் இருந்தது, அவள் சுவரைத் தட்டிக் கூப்பிட்டாள். மும்தாஜ்தான் ஆட்டோ பிடித்து, தன் தோளில் அவளைச் சாய்த்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே போய் ஆட்களைப் பிடித்துக் கடை நம்பரை வாங்கி, பில் கவுண்ட்டருக்குப் போன் போட்டது. கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த பிள்ளை மாடிக்கு ஏறி வந்து என்னிடம் சொன்னது.

நான் கையைக்கூடக் கழுவவில்லை, மஞ்சள் தூளோடு கீழே ஓடி வந்தேன். உனக்கு அடுத்த பொறுப்பில் இருந்த பையன் வாசலில் நிறுத்தினான். அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். அவன் பயந்துபோய் நின்றான். "அக்கா, ஷிப்ட் நடுவுல போனா சார்ட்ட பெர்மிஷன் வேணும். ஒரு நிமிஷம், கேட்டுட்டுச் சொல்லிர்றேன்" என்றான். உனக்கு அடித்தான். அவனுக்கும் அதே வாசகம்தான் வந்தது. திரும்ப அடித்தான். நானும் பில் போட நிற்கிறவர்களோடு ஒருத்தியாக நின்றேன். நின்றேன் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. மகள் அங்கே கத்திக்கொண்டிருக்கிறாள், நான் இங்கே மகனிடம் பெர்மிஷனுக்கு நிற்கிறேன். ஸ்டெல்லாதான் வந்து என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "நீங்க போங்கக்கா. என்ன வந்தாலும் நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

கோரிப்பாளையத்தில் வண்டிகள் நகரவில்லை. நான் ஆட்டோவிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். வார்டு வாசலுக்குப் போனபோது மேலூரிலிருந்து சம்பந்தியம்மா வந்து சேர்ந்திருந்தார். மாப்பிள்ளைக்கு மும்தாஜ் போன் போட்டிருக்கிறது, அவர்கள் கார் பிடித்து நான்கு வழிச்சாலையில் வந்துவிட்டார்கள். அத்தனை தூரத்திலிருந்து அவர்கள் வந்துவிட்டார்கள், உள்ளூரில் இருந்த நான் வரவில்லை. பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. பெண் குழந்தை. சம்பந்தியம்மா கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

"கை மஞ்சளா இருக்கு மதினி. கழுவிட்டு வாங்க" என்றார்.

கழுவிவிட்டு வந்து தனத்தின் பக்கத்தில் நின்றேன். "ஏத்தா, தனம்" என்றேன். அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். மும்தாஜ் என்னை வெளியே கூட்டிவந்து, "புள்ள வழி முழுக்க உங்களத்தேன் கேட்டுச்சுக்கா. அம்மா வந்துருச்சா, அம்மா வந்துருச்சான்னு" என்று சொல்லிவிட்டு அழுதது. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது தனத்தை நம் வீட்டுக்கு அனுப்பவில்லை. நேராக மேலூருக்குக் கூட்டிப்போனார்கள். தலைப்பிரசவம் முடிந்து தாய் வீட்டுக்கு வராமல் போன பெண் நம் தெருவில் அவள் ஒருத்திதான். நான் அரைத்து வைத்திருந்த பிரசவ மருந்தும், அவளுக்குத் துவைத்துக் காயவைத்திருந்த பழைய சேலைத் துணியும் அலமாரியிலேயே கிடந்தன. பிள்ளைக்கு முதல் தண்ணீர் ஊற்றினது நான் இல்லை. சம்பந்தியம்மாவைக் கேட்டால் அவர் செய்தது சரிதான் என்பார். எனக்கும் அதில் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை.

நீ அன்றைக்கு மீட்டிங் முடிந்து வந்தாய். குழந்தையைப் பார்த்தாய், போட்டோ எடுத்தாய், ஸ்வீட் கொடுத்தாய். என்னைப் பார்த்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுல்லம்மா, ஏன் இப்படி இருக்க" என்றாய். அதற்கடுத்த வாரம் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். அந்த நாளில் என் பெயருக்கு நேரே, அனுமதியின்றி இடையில் சென்றார் என்று இருந்தது. அதை வேறு யாரும் எழுதவில்லை, நீதான் எழுதினாய். கேட்டதற்கு, "ஸ்டெல்லா நடுவுல போயிருந்தாலும் அதைத்தானே எழுதிருப்பேன்" என்றாய். ஸ்டெல்லா போயிருந்தால் அது அவள் மகளுக்காக இருந்திருக்கும். நான் போனது உன் அக்காவுக்காக. இந்த வித்தியாசம் உனக்குப் புரியவில்லை என்று நான் நம்பவில்லை. புரிந்தால் ஷீட்டை மாற்ற வேண்டியிருக்கும், அதனால் புரிந்துகொள்ளவில்லை.

அந்த மீட்டிங்கில் நீ என்ன பேசினாய் என்பது எனக்குக் கடை குரூப்பில் வந்த வீடியோவில்தான் தெரிந்தது. கோட்டு போட்டு நின்றிருந்தாய். பின்னால் பெரிய திரையில் உன் ஷீட், அதில் கலர் கலராகக் கட்டங்கள். "என் கிளையில் என் அம்மாவே பார்ட் டைமாக வேலை செய்கிறார். பண்டிகை நாள் ஷிப்ட் முதலில் அவருக்குத்தான் போடுவேன். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அதனால் மற்றவர்களும் கேட்பதில்லை" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். தனம் போன் அடித்த நேரமும் நீ அங்கே நின்ற நேரமும் ஒன்றுதான். அதைத் தற்செயல் என்று விட்டுவிடுகிறேன். நீ பேசினது தற்செயல் இல்லை. நான் கேட்காமல் இருந்ததை நீ உன் சாமர்த்தியமாக அங்கே எடுத்து வைத்தாய். உனக்குத் திருச்சி வேலை கிடைத்தது அந்தப் பேச்சினால்தான் என்று நீயே சொன்னாய்.

வீடியோவைப் பார்த்த மறுநாள், நான் இனி வேலைக்கு வரமாட்டேன் என்று உன்னிடம் சொன்னபோது, "சொல்லாம கொள்ளாம நின்னா எப்படிம்மா" என்றாய். பார்ட் டைமுக்கு நோட்டீஸ் கிடையாது, நிறுத்துவதும் நிற்பதும் சொன்ன அன்றைக்கே என்று ஒவ்வொரு புது ஆளுக்கும் நீ விளக்குவதை நான் மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். அதில் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

நான் போன பிறகு என் கட்டங்களில் நீ ஸ்டெல்லாவைப் போட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலையும் சேர்த்து. அவள் உன்னிடம் வந்து, "சார், எனக்கு சர்ச் இருக்குன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே" என்று கேட்டதற்கு, "எங்க அம்மா தீபாவளி அன்னைக்கே வந்தாங்க, உங்களால ஞாயித்துக்கெழமை வர முடியாதா" என்று கேட்டாயாம். அவள் வேலையை விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்தாள். உன்மேல் கோபத்தோடு வந்திருக்கிறாள் என்று நினைத்துக் காபி போட்டேன். அவள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னிடம்தான் சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்கக்கா. நீங்க ஒருநாளாவது முடியாதுன்னு சொல்லியிருந்தா எங்களுக்கும் சொல்ல வாய் வந்திருக்கும். பெத்த அம்மாவே பேசாம நிக்கும்போது நாங்க என்னத்தச் சொல்றது?" நான் உனக்காகத்தான் பொறுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொறுமையை நீ எடுத்து மாடியில் இருந்த அத்தனை பெண்களையும் அடித்திருக்கிறாய். பிரம்பை எடுத்துக் கொடுத்தது நான்.

நேற்று போனில், "நான் என்னம்மா தப்பு பண்ணேன், எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே பண்ணேன்" என்று கேட்டாய். பதில் சொல்கிறேன். நீ எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்யவில்லை. யாரெல்லாம் உன்னை விட்டுப் போய்விடுவார்களோ அவர்களுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தாய். போகவே மாட்டாள் என்று யாரை நினைத்தாயோ அவள் தலையில் மிச்சத்தை எல்லாம் ஏற்றினாய். அதற்கு எக்செல் ஒன்றும் செய்யவில்லை, அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. நீ தட்டினதை அது காட்டியது. திருச்சியில் உட்கார்ந்து இனிமேல் எத்தனையோ கிளைகளுக்கு நீ ஷிப்ட் போடப் போகிறாய். முகம் தெரியாத பெண்கள். அதில் ஒவ்வொரு கிளையிலும் ஒருத்தி, 'எனக்கென்ன, எப்பச் சொன்னாலும் வாரேன்' என்பாள். அவளுக்கு வீட்டில் ஒன்றுமில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. அவளைக் கூப்பிட்டு இரண்டாம் தடவை கேள். மூன்றாம் தடவையும் கேள். சொல்லாவிட்டாலும் அவள் பெயருக்கு எதிரே நீயாக ஒரு ஓய்வு நாளைப் போடு. நான் உனக்கு எழுதுகிற புத்திமதி இவ்வளவுதான். கேட்பாயா என்று எனக்குச் சந்தேகம்.

திருச்சியில் வீடு பார்த்துவிட்டேன், நீயும் வந்துவிடு, சமைத்துக்கொண்டு நிம்மதியாக இரு என்கிறாய். வரவில்லை. மார்க்கெட்டில் விடியற்காலையில் மல்லிகைப் பூவைக் கொட்டி அள்ளித் தரம் பிரிக்கிற வேலை எனக்கு ஒத்துப்போகிறது. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். சேர்ந்த அன்றே கடைக்காரரிடம், "அண்ணே, ஞாயித்துக்கெழம நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரித்தா" என்றார். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மேலூருக்குப் போனேன். தனம் போனில் பேச ஆரம்பித்ததே இப்போதுதான். வரட்டுமா என்று கேட்டேன், வா என்றாள். கதவைத் திறந்தவள் என்னை உட்காரச் சொல்லி, பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். குப்புற விழுகிறாள், தலை நின்றுவிட்டது. என் சேலையில் பூ வாசம் அடித்ததோ என்னவோ, முந்தானையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். தனம் எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிடுகிற வரைக்கும் பிள்ளையை வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை, ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றாள்.

"எத்தனை மணிக்கும்மா போகணும்?" என்று கேட்டாள்.

நான் இன்னும் அந்தக் கடையில்தான் வேலை பார்க்கிறேன், ஷிப்டுக்கு ஓட வேண்டும் என்று நினைத்துக் கேட்கிறாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகச் சொன்னேன். "எங்கயும் போக வேணாம்த்தா. இனிமே ஞாயித்துக்கெழமை எனக்கு வேலையே கெடையாது. ராத்திரி வரைக்கும் இருந்து புள்ளையத் தூங்க வச்சிட்டுப் போறேன்."

அவள் பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அத்தை அஞ்சு மணிக்கு வந்துருவாங்கம்மா. அதுக்குள்ள கெளம்பிரு. நீ வந்தது அவங்களுக்குத் தெரிய வேணாம்."

சரி என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பிள்ளையை இன்னும் ஒருதடவை வாங்கி வைத்திருந்துவிட்டு, நாலரைக்கெல்லாம் எழுந்துவிட்டேன். பஸ்ஸில் இடம் இருந்தது. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். திருச்சியிலிருந்து நீ ஊருக்கு வருகிற பஸ் மேலூரைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே இறங்கி அக்காவைப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் என்னைத் தூது விடாதே. எந்த நேரத்தில் வரலாம் என்று அவளிடமே கேள். அவள் சொல்கிற நேரத்துக்குப் போ, சொல்கிற நேரத்தில் எழுந்து வந்துவிடு.

உன் அம்மா.